இன்னொரு கோரின் சிபியு நேரக் கணக்கைப் படிக்க எந்த வழி: பூட்டா, அட்டாமிக்கா, வரிசை எண்ணா?

32 பிட் பிராசஸரில் சொந்தமாக ஒரு சிறு கெர்னல் (மற்ற வேலைகளை ஓட்டும் அடிப்படை மென்பொருள்) எழுதுகிற எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறார்கள். ஒவ்வொரு டாஸ்க்கும், அதாவது கெர்னல் ஓட்டும் ஒவ்வொரு வேலையும், எவ்வளவு சிபியு நேரம் எடுத்தது என்ற கணக்கை ஒரு கோர் (சிப்புக்குள் தனியாக ஓடும் செயலி) எழுதிக்கொண்டே இருக்கிறது. அதே நேரத்தில் இன்னொரு கோர் அந்தக் கணக்கைப் படிக்க வேண்டும். தப்பான எண் ஒரு தடவைகூட வரக்கூடாது. அதற்காக, எந்த டாஸ்க் எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் ஷெட்யூலர் தாமதமாகவும் கூடாது. எந்த வழியை எடுப்பது?

காட்பாடியில் நாங்கள் சிலர் சேர்ந்து டேனரி டிரம்களுக்குக் கன்ட்ரோலர் செய்கிறோம். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரையோரம் தோல் பதனிடும் ஊர்களுக்கு இங்கே குறைவில்லை. டிரம் மணிக்கணக்கில் சுழலும். நடுவில் திசை மாறும், தண்ணீர் ஏறும், ரசாயனம் அளவோடு இறங்கும். எங்கள் போர்டில் இருப்பது ஆர்பி2040 சிப். கார்ட்டெக்ஸ் எம்0 பிளஸ் கோர் இரண்டு, விலை குறைவு, சென்னை ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும். கோர் 1 மோட்டாரையும் வால்வுகளையும் கவனிக்கிறது. கோர் 0 திரையையும் கண்காணிப்பையும் பார்க்கிறது. ஏதாவது ஒரு டாஸ்க் தனக்கு ஒதுக்கிய சிபியு நேரத்தைத் தாண்டினால் கோர் 0 அதைக் கண்டுபிடித்து டிரம்மைப் பாதுகாப்பாக நிறுத்த வேண்டும். கணக்கை அது தப்பாகப் படித்தால், ஒழுங்காக ஓடுகிற டிரம் காரணமில்லாமல் நிற்கும். தோலில் குரோம் உப்பு ஏறுகிற நேரத்தில் டிரம் நின்றுவிட்டால் அந்த லாட் தோல் ஒரே சீராக வராது. அதனால்தான் இந்தச் சின்ன விஷயத்துக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கோளாறு எங்கே வருகிறது

இரண்டு இடங்களில் வருகிறது. முதலாவது பலருக்கும் தெரிந்தது. நேரத்தை மைக்ரோ வினாடியில் 64 பிட் எண்ணாக வைத்திருக்கிறோம். 32 பிட் கோர் அதை இரண்டு தடவையாகத்தான் படிக்க முடியும்: கீழ்ப் பாதி ஒன்று, மேல் பாதி ஒன்று. கீழ்ப் பாதி 429,49,67,295 வரை ஏறும். அடுத்த மைக்ரோ வினாடியில் அது 0 ஆகி, மேல் பாதி ஒன்று கூடும். நேரக் கணக்கில் இது 71 நிமிடம் 35 வினாடி. படிக்கிற கோர் பழைய கீழ்ப் பாதியை எடுத்துவிட்டு, அதற்குள் மாறிவிட்ட புது மேல் பாதியைச் சேர்த்தால், 71 நிமிடம் ஓடிய டாஸ்க் 143 நிமிடம் ஓடியதாகக் காட்டும். வரிசை மாறிப் படித்திருந்தால் 0 என்று காட்டும்.

இரண்டாவது கோளாறு இதைவிட அடிக்கடி வரும். ஆனால் பேசப்படுவது குறைவு. ஓடிக்கொண்டிருக்கிற டாஸ்க்கின் நேரம் ஒரே எண்ணில் இல்லை. இதுவரை சேர்ந்த மொத்தம் ஓரிடத்தில், இந்தச் சுற்று தொடங்கிய நேரம் இன்னோரிடத்தில் இருக்கிறது. படிப்பவர் மொத்தத்தோடு ‘இப்போதைய நேரம் கழித்தல் தொடங்கிய நேரம்’ என்பதைக் கூட்டிக்கொள்கிறார். மொத்தம் 50 மில்லி வினாடி, தொடங்கியது 1000-இல், இப்போது 1003 என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான விடை 53. டாஸ்க் மாறும்போது ஷெட்யூலர் மொத்தத்தை 53 ஆக்குகிறது. தொடங்கிய நேரத்தை 1003 ஆக்கப் போகிறது. அந்த இடைவெளியில் படித்தால் 53-உடன் 3 சேர்ந்து 56 வரும். ஒரே சுற்று இரண்டு தடவை எண்ணப்பட்டுவிட்டது. அடுத்த தடவை படிக்கும்போது 54 வருகிறது. காலம் பின்னால் போய்விட்டது! கண்காணிப்பு டாஸ்க் குறியில்லா (மைனஸே இல்லாத) எண்ணில் 54-லிருந்து 56-ஐக் கழித்தால் கோடிக்கணக்கில் ஓர் எண் கிடைக்கும். உடனே டிரம் நிற்கும்.

இந்த இரண்டாவது கோளாறுக்கு 71 நிமிடம் காத்திருக்க வேண்டியதில்லை. டாஸ்க் மாறுகிற ஒவ்வொரு தடவையும் அதற்கு ஒரு வாய்ப்பு உண்டு. 64 பிட் பிராசஸரிலும் இது அப்படியே இருக்கும். ஒவ்வொரு வழியையும் இந்த இரண்டு கோளாறையும் வைத்துத்தான் எடை போட வேண்டும்.

‘வொலடைல்’ என்று அறிவித்துவிட்டால் போதும் என்று கல்லூரிப் பிள்ளைகள் நிறையப் பேர் சொல்கிறார்கள். போதாது. ஒவ்வொரு தடவையும் நினைவகத்திலிருந்தே படி என்று, நாம் எழுதும் புரோகிராமைச் சிப்பின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலருக்குச் சொல்வதுதான் அதன் வேலை. இரண்டு பாதியையும் ஒரே நேரத்தில் படிக்க வைக்க அதனால் முடியாது.

32 பிட் எண்ணே போதுமா?

இதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். பல போர்டுகளுக்கு இதுவே சரியான பதில். 32 பிட் எண்ணை ஒரே கட்டளையில் படிக்கலாம்; பாதி பிய்ந்து வராது. போன வினாடியில் இந்த டாஸ்க் எத்தனை சதவீதம் எடுத்தது என்பது மட்டும் வேண்டுமென்றால், இரண்டு படிப்புகளின் வித்தியாசம் போதும். எண் சுற்றி 0-க்கு வந்தாலும், இரண்டு படிப்புக்கும் நடுவில் 71 நிமிடம் போகாதவரை குறியில்லாக் கழித்தல் சரியாகவே வரும். மில்லி வினாடியில் எண்ணினால் 49.7 நாள் தாங்கும் என்று சிலர் அந்தப் பக்கம் போகிறார்கள். அதில் ஒரு பெரிய குறை உண்டு: ஒவ்வொரு தடவையும் 200 மைக்ரோ வினாடி மட்டும் ஓடும் டாஸ்க்குக்குக் கணக்கு 0-விலேயே நிற்கும்.

ஆனால் மொத்தம், தொடங்கிய நேரம் என்ற ஜோடிப் பிரச்சினை இதிலும் தீரவில்லை. எங்களுக்கு ஒரு டிரம் சுற்று முழுவதற்குமான மொத்தக் கணக்கும் தேவை. அதனால் இதை விட்டுவிட்டோம்.

பூட்டுப் போடுவது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். எழுதுபவரும் படிப்பவரும் ஒரே ஸ்பின்லாக்கை (கிடைக்கும்வரை சுற்றிச் சுற்றிக் கேட்க வைக்கும் பூட்டு) எடுத்துக்கொண்டு வேலையை முடித்துவிட்டு விடுவது. ஆர்பி2040-இல் இதற்கென்றே 32 ஹார்டுவேர் ஸ்பின்லாக்குகள் இருக்கின்றன. ஒரு ரிஜிஸ்டரை (சிப்புக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) படித்தால் பூட்டு கிடைத்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். அதில் எதையாவது எழுதினால் பூட்டு விடுபடும். இரண்டு கோளாறும் தீரும், புரோகிராம் கோடும் நாலு வரிதான். படிக்க வருகிற புது ஆளுக்கும் உடனே புரியும்.

இன்டரப்ட்டை (ஓடும் வேலையை இடைநிறுத்தி ஹார்டுவேர் விடுக்கும் அழைப்பு) நிறுத்தாமல் பூட்டை எடுக்காதீர்கள். பூட்டை வைத்திருக்கும்போது அதே கோரில் ஓர் இன்டரப்ட் வந்து, அதுவும் அதே பூட்டைக் கேட்டால், அந்தக் கோர் அங்கேயே உறைந்துவிடும். லினக்ஸ் கெர்னலில் ஸ்பின்லாக்கை இன்டரப்ட் நிறுத்தத்தோடு சேர்த்து எடுக்கத் தனி வடிவமே இருப்பது இதற்காகத்தான்.

எனக்குப் பூட்டில் பிடிக்காதது வேறொன்று. படிக்கிறவர் எழுதுகிறவரைக் காக்க வைக்கிறார். திரையில் ஓர் அட்டவணை காட்டுவதற்காகக் கோர் 0 பன்னிரண்டு டாஸ்க்கின் கணக்கை வரிசையாகப் படித்துக்கொண்டிருக்கும். வால்வை மூட வேண்டிய டாஸ்க்குக்கு மாறப் போகிற கோர் 1 பூட்டுக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும். முக்கியமில்லாத வேலை முக்கியமான வேலையை நிறுத்துகிறது. பெரிய சர்வர்களில் இதே குறை வேறு உருவத்தில் வரும்: படிக்கிற ஒவ்வொரு கோரும் பூட்டின் மேல் எழுத வேண்டியிருப்பதால், அந்தக் கேச் வரி (கோர் தன் அருகிலேயே வைத்துக்கொள்ளும் நினைவகத் துண்டின் நகல்) கோருக்குக் கோர் அலைகிறது. வேலை செய்பவர் காத்திருக்கக் கூடாது, கேட்பவர் காத்திருக்கட்டும் என்பதுதான் இந்த விஷயத்தில் என் கட்சி.

பூட்டுதான் சரி என்ற இடமும் உண்டு. படிக்கிறவரே எழுதவும் வேண்டியிருந்தால் வேறு வழி தேடாதீர்கள். லினக்ஸில் ஒரு புராசஸின் பயனர் நேரம், கெர்னல் நேரம் இரண்டையும் வெளியே கொடுக்கும்போது, போன தடவை கொடுத்ததைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காகப் போன தடவை கொடுத்த மதிப்பைப் படிப்பவரே சேமித்து வைக்கிறார். அந்த இடத்தில் அவர்கள் ஸ்பின்லாக்தான் வைத்திருக்கிறார்கள்.

64 பிட் அட்டாமிக்

நடுவில் யாரும் புக முடியாதபடி ஒரே மூச்சில் நடப்பதுதான் அட்டாமிக். இதைச் சுருக்கமாகவே முடிக்கலாம். 32 பிட் எக்ஸ்86 (இன்டெல் வகை) பிராசஸரில் பென்டியம் காலத்திலிருந்தே 8 பைட்டை ஒரே மூச்சில் ஒப்பிட்டு மாற்றும் கட்டளை உண்டு. ஏஆர்எம்வி7-ஏ வகைப் பிராசஸர்களிலும் அதற்கு ஈடான ஜோடிக் கட்டளைகள் இருக்கின்றன. எம்0 பிளஸ்ஸில் அந்த வகைக் கட்டளையே கிடையாது. கார்ட்டெக்ஸ் எம்33 கோரில் 32 பிட்டுக்கு உண்டு, 64 பிட்டுக்கு இல்லை. இல்லாத இடத்தில் 64 பிட் அட்டாமிக் என்று எழுதினால், கம்பைலர் ஒரு நூலகச் செயல்பாட்டை அழைக்கும்; அதற்குள் இருப்பது மறுபடியும் ஒரு பூட்டுதான். லினக்ஸும் இப்படிப்பட்ட பிராசஸர்களில் முகவரியைப் பொறுத்து ஒரு சிறு பூட்டுக் கூட்டத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறது. பூட்டு வேண்டாம் என்று அட்டாமிக்குக்குப் போய், கண்ணுக்குத் தெரியாத பூட்டில் மாட்டிக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. தவிர, ஒவ்வோர் எண்ணும் தனித்தனியே முழுதாக வரும் என்பதுதான் அட்டாமிக் தரும் உறுதி. ஜோடி பொருந்துமா என்று அது பார்க்காது.

பல கோர்கள் ஒரே கவுண்டரில் கூட்டவேண்டிய இடத்தில், கட்டளை உண்மையாகவே இருந்தால், அது நல்ல வழி. லினக்ஸில் ஒரு புராசஸின் எல்லாத் திரெட்டுகளுக்குமான (அதற்குள் இணையாக ஓடும் பகுதிகள்) சிபியு டைமரை 2015 வாக்கில் ஸ்பின்லாக்கிலிருந்து அட்டாமிக்குக்கு மாற்றினார்கள். கோர்கள் அதிகமுள்ள மெஷின்களில் அந்தப் பூட்டில் நெரிசல் தாங்க முடியவில்லை என்பதுதான் காரணம்.

மேல் பாதியை இரண்டு தடவை பார்ப்பது

முதலில் மேல் பாதி, அப்புறம் கீழ்ப் பாதி, மறுபடி மேல் பாதி. இரண்டு மேல் பாதியும் ஒன்றாக இருந்தால் எடுத்துக்கொள், இல்லையென்றால் முதலிலிருந்து. ரிஸ்க்-வி என்ற திறந்த பிராசஸர் வடிவமைப்பின் விவரக்குறிப்பிலேயே 32 பிட் பிராசஸரில் 64 பிட் சைக்கிள் கவுண்டரை இப்படிப் படி என்று நாலு கட்டளை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஐஐடி மெட்ராஸின் சக்தி, சி-டாக்கின் தேஜஸ்32 என்று நம் நாட்டு ரிஸ்க்-வி சிப்பில் வேலை செய்கிறவர்களுக்கும் 32 பிட்டில் இது அப்படியே பொருந்தும்.

ஆர்பி2040-இன் டைமரிலும் இதுதான் வழி. அந்தச் சிப்பில் ஒரு சௌகரியம் வைத்திருக்கிறார்கள்: கீழ்ப் பாதியைப் படித்த உடனே மேல் பாதி உறைந்து நிற்கும், நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு கோரும் ஒரே சமயத்தில் வந்தால், ஒன்று உறைய வைத்ததை மற்றொன்று மாற்றிவிடும். அதனால் இரண்டு கோரையும் ஓட்டுகிறவர்கள் உறையாத ரிஜிஸ்டர் ஜோடியை எடுத்துக்கொண்டு, மேல், கீழ், மேல் என்று படிப்பதே பாதுகாப்பு. சொந்தக் கெர்னல் எழுதுகிறவர்கள் இதைக் கட்டாயம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரே கோரில் சோதித்தால் உறைய வைக்கும் வழியும் எப்போதும் சரியாகவே வரும்.

நினைவகத்தில் இருக்கும் கவுண்டருக்கும் இந்த யோசனையைக் கொண்டுவரலாம், ஆனால் எழுதுபவர் ஒத்துழைக்க வேண்டும். மாக் (Mach) என்ற கெர்னலில் மேல் பாதிக்கு ஒரு நகல் வைத்தார்கள். எழுதுபவர் முதலில் நகல், அப்புறம் கீழ்ப் பாதி, கடைசியில் மேல் பாதி என்று எழுதுகிறார்; படிப்பவர் அதற்கு நேர் எதிர்த்திசையில் மேல், கீழ், நகல் என்று போகிறார். மேல் பாதியும் நகலும் ஒத்துப்போனால் நடுவில் படித்த கீழ்ப் பாதி அதே சுற்றைச் சேர்ந்ததுதான். இப்படி எதிர்த்திசையில் எழுதிப் படிக்கும் யோசனையைக் கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் 1977-இலேயே எழுதிவிட்டார். கடிகாரங்களுக்கென்றே 1990-இல் தனியாகவும் எழுதினார். பூட்டே இல்லாமல், எழுதுபவரைத் துளியும் காக்க வைக்காமல் இதைச் செய்ய முடிகிறது என்பது எனக்கு இன்றும் அழகாகவே படுகிறது.

எல்லாம் சரி, ஆனால் இது ஒரே எண்ணுக்கான வைத்தியம். மொத்தம் 53, தொடங்கியது 1000 என்ற பொருந்தாத ஜோடியை இதனால் கண்டுபிடிக்க முடியாது.

வரிசை எண்

நாங்கள் எடுத்தது இதைத்தான். லினக்ஸ் 2.6 காலத்திலிருந்து நேரம் சம்பந்தப்பட்ட பல இடங்களில் இது இருக்கிறது. டாஸ்க்கின் கணக்குக்குப் பக்கத்தில் ஒரு 32 பிட் வரிசை எண் வைக்கிறோம். எழுதத் தொடங்கும்போது ஷெட்யூலர் அதை ஒன்று கூட்டும். எண் ஒற்றைப்படை ஆகும். மொத்தத்தையும் தொடங்கிய நேரத்தையும் மாற்றும். முடிந்ததும் இன்னொன்று கூட்டும். எண் இரட்டைப்படைக்கு வந்துவிடும். படிப்பவர் முதலில் வரிசை எண்ணைப் பார்க்கிறார். ஒற்றைப்படையாக இருந்தால் எழுத்து நடந்துகொண்டிருக்கிறது, திரும்பப் பார். இரட்டைப்படை என்றால் எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொண்டு, வரிசை எண்ணை மறுபடி பார்க்கிறார். மாறவில்லை என்றால் நகல் சரி. மாறியிருந்தால் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து.

பிய்ந்த எண், பொருந்தாத ஜோடி இரண்டும் ஒரே அடியில் தீர்ந்தன. நாளைக்குப் பயனர் நேரம், இன்டரப்ட் நேரம் என்று இன்னும் இரண்டு எண் சேர்ந்தாலும் அதே வரிசை எண் போதும். எழுதுபவருக்குச் செலவு இரண்டு கூட்டல் மட்டுமே. யாருக்காகவும் அது நிற்பதில்லை.

இதற்கு மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. ஒன்றை விட்டாலும் பூட்டைவிட மோசமாகிவிடும். முதலாவது, ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் ஒரே எழுதுபவர்தான். இரண்டு பேர் சேர்ந்து கூட்டினால் ஒற்றை, இரட்டை என்ற அடையாளமே அர்த்தமில்லாமல் போய்விடும். இரண்டாவது, எழுதும் நடுவில் எழுதுபவரை யாரும் இடைமறிக்கக் கூடாது. எண் ஒற்றைப்படையாக இருக்கும்போது அதே கோரில் ஓர் இன்டரப்ட் வந்து அதே கணக்கைப் படிக்க முயன்றால், எண் இரட்டைப்படை ஆவதற்காக அது முடிவில்லாமல் காத்திருக்கும். எண்ணை மாற்ற வேண்டிய ஷெட்யூலரோ அந்த இன்டரப்ட் முடிவதற்காகக் காத்திருக்கும். ஆகவே எழுதும் அந்தச் சில கட்டளைகளுக்கு மட்டும் கோர் 1-இல் இன்டரப்ட்டை நிறுத்துகிறோம். இப்போதைய நேரத்தை அதற்கு முன்பே படித்து வைத்துக்கொள்வதால், நிறுத்தும் நேரம் மிகச் சிறியது. நிறுத்த முடியாத வகை இன்டரப்ட்டிலிருந்தும் படிக்க வேண்டியவர்களுக்கு லினக்ஸில் வேறொரு வடிவம் உண்டு: கணக்கையே இரண்டு நகலாக வைத்து, ஒன்றை எழுதும்போது மற்றதைப் படிக்கவிடுவது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

மூன்றாவது, கட்டளைகளின் வரிசை. வரிசை எண்ணை மாற்றுவதும் கணக்கை மாற்றுவதும் கோடில் எழுதிய வரிசையிலேயே நடக்க வேண்டும். கம்பைலர் தன் இஷ்டத்துக்கு அவற்றை முன்பின் மாற்றிவிடும். பெரிய பிராசஸர்களில் ஹார்டுவேரும் மாற்றும். ஒவ்வொரு எல்லையிலும் டிஎம்பி என்ற தடுப்புக் கட்டளை போடுங்கள், அதைக் கம்பைலரும் தாண்டாதபடி எழுதுங்கள். இந்தச் சிப்பில் அது இல்லாமலும் ஓடுகிறதே என்று எடுத்துவிட்டால், நாளைக்கு வேறு சிப்புக்கு மாறும்போது அந்தக் கோளாறைத் தேடிக் கண்டுபிடிக்க நாள்கணக்கில் ஆகும்.

ஒரே எழுதுபவர் என்ற நிபந்தனை உங்கள் வடிவமைப்பில் பொருந்தவில்லை என்றால், பூட்டுக்கு ஓடும் முன் கணக்கைக் கோருக்கு ஒன்றாகப் பிரிக்க முடியுமா என்று பாருங்கள். சும்மா இருந்த நேரம், இன்டரப்ட்டில் போன நேரம் போன்ற பொதுக் கணக்குகளை லினக்ஸ் ஒவ்வொரு சிபியுவுக்கும் தனியாகத்தான் வைக்கிறது. கேட்கும்போது கூட்டிச் சொல்கிறது. அப்புறம், கணக்கை 0 ஆக்கும் பொத்தான் ஒன்றைத் திரைப் பக்கத்திலிருந்து வைக்காதீர்கள். அது ரகசியமாக நுழையும் இரண்டாவது எழுதுபவர். புது டிரம் லாட் தொடங்கும்போது அப்போதைய மதிப்பைத் திரை டாஸ்க் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு கழித்துக் காட்டட்டும்.

யாருக்கு எது

ஒரே கோர் உள்ள போர்டு என்றால் இவ்வளவும் வேண்டாம். இன்டரப்ட்டை ஒரு நொடிப்பொழுது நிறுத்திப் படித்துவிடுங்கள். சதவீதம் மட்டும் காட்டினால் போதும் என்பவர்கள் 32 பிட் எண்ணோடு நின்றுகொள்ளலாம். 32 பிட் லினக்ஸ் போர்டு வாங்கியிருந்தால், கெர்னலே இதைப் பார்த்துக்கொள்கிறது: 64 பிட்டில் நேரடியாகப் படிக்கும் டாஸ்க்கின் மொத்த நேரத்தை, 32 பிட்டில் மட்டும் ஷெட்யூலர் பூட்டை எடுத்துக்கொண்டு படிக்கிறது. அதாவது அங்கேயும் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. இரண்டு கோர், சொந்தக் கெர்னல், ஒவ்வொரு டாஸ்க்குக்கும் ஒரே எழுதுபவர், சேர்த்துப் படிக்க வேண்டிய எண்கள் ஒன்றுக்கு மேல் என்ற எங்கள் நிலைமையில் இருப்பவர்களுக்கு வரிசை எண்ணைத் தயங்காமல் சொல்வேன்.

எந்த வழியை எடுத்தாலும் சோதிக்கும் முறை ஒன்று உண்டு. கவுண்டரை 0-விலிருந்து தொடங்காதீர்கள். லினக்ஸ் கடிகாரத் துடிப்புகளை எண்ணும் தன் 32 பிட் டிக் கணக்கை, மெஷின் எழுந்து 5 நிமிடத்தில் சுற்றி வரும்படி வேண்டுமென்றே முன்னால் தள்ளித்தான் தொடங்குகிறது. மாதக்கணக்கில் கழித்து வரவேண்டிய கோளாறு மேசையிலேயே வெளிப்பட்டுவிடும் என்பதற்காக. நாங்களும் டாஸ்க் கணக்கின் கீழ்ப் பாதியைச் சுற்றுவதற்குச் சில வினாடி இருக்கும் இடத்தில் வைத்துத் தொடங்குகிறோம். திரைக்குக் காட்டும்போது அந்தத் தொடக்க மதிப்பைக் கழித்துவிடுகிறோம். சோதனைக்கான பில்டில் ஷெட்யூலர் எழுதும் இரண்டு வரிக்கு நடுவில் ஒரு சிறு தாமதத்தையும் செருகுங்கள். கோர் 0-வை நிற்காமல் படிக்கவிட்டு, ஒரு தடவையாவது எண் குறைகிறதா என்று பாருங்கள்.

அட்டவணை முழுவதற்கும் ஒரே வரிசை எண்ணை வைக்கலாமா என்று எங்கள் குழுவிலேயே கேட்டார்கள். வேண்டாம். பன்னிரண்டு டாஸ்க்கையும் படித்து முடிப்பதற்குள் ஏதோ ஒரு டாஸ்க் மாறியிருக்கும். படிப்பவர் திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்குவார். டாஸ்க்குக்கு ஒன்று வைத்தால், மோதுகிற அந்த ஒரு டாஸ்க்கை மட்டும் மறுபடி படித்தால் போதும்.